அரை டிக்கெட்டுக்காரர்களின் முழு விண்ணப்பம்

பெறுநர்: தலைவர் அவர்கள், ரயில்வே வாரியம், ரயில் பவன், புது தில்லி.

அனுப்புநர்: மே மாதம் ஊட்டிக்குப் போகும் ஏதோ ஒரு குடும்பம், சென்னை.

பொருள்: குழந்தைகள் மூன்று – பாட்டி ஒன்று – நீலகிரி மலை ரயில் – ஒரு நாள் பட்ட பாடு – தொடர்பாக.

பார்வை: 1. குழந்தைக் கட்டணம் பற்றி 21.04.2016 முதல் அமலில் உள்ள விதி. 2. ஓகில் சந்திர சென் என்ற பயணி 1909-ல் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்.

ஐயா,

பார்வை 1-ல் கண்ட விதிக்கு மேற்படி குடும்பம் முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறது. 2016 ஏப்ரல் 21-க்கு முன்பு, ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத குழந்தைக்கு அரை டிக்கெட் எடுத்தால் முழுப் படுக்கையே கிடைத்தது. இப்படி ஒரு அநியாயம் அத்தனை வருஷம் நடந்திருக்கிறது. வாரியம் அதைத் திருத்தியது. படுக்கை வேண்டுமா, முழுக் கட்டணம். அரைக் கட்டணம் போதுமா, படுக்கை கிடையாது. ஓட்டுப்போட ஒருவர் பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டிய நாட்டில், ஐந்து வயதிலேயே ஒருவரை முழு மனிதராக ஏற்றுக்கொண்ட முதல் அமைப்பு ரயில்வேதான். இந்தப் பெருந்தன்மையால் ஏழு ஆண்டுகளில் சுமார் 2,800 கோடி ரூபாய் கூடுதலாக வந்ததாக 2023-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதில் சொல்கிறது. அந்தக் காலத்தில் முழுக் கட்டணம் கட்டிய குழந்தைகள் 10 கோடிக்கும் மேல். படுக்கை வேண்டாம் என்று அரைக் கட்டணத்தில் போனவர்கள் 3.6 கோடிக்கும் மேல்.

மேற்படி குடும்பத்தில் பெரியவனுக்கு ஒன்பது வயது, நடுப்பெண்ணுக்கு ஆறு, கடைக்குட்டிக்கு மூன்று. பாட்டிக்கு அறுபத்தெட்டு. இதில் பெரியவனுக்கு முழு டிக்கெட், பெண்ணுக்கு அரை, குட்டிக்கு ஓசி என்று அப்பா ஒரு கணக்குப் போட்டார். வந்தே பாரத்தில் கோவை வரை போய்விடலாமே என்று அம்மா கேட்டார். அதில் எல்லாமே இருக்கை வண்டி. அரை டிக்கெட் என்ற பேச்சே இல்லை. ஆறு வயதுக்காரி அங்கே சட்டப்படி பெரிய மனுஷி. ஆகவே, சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி விடிகாலையில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் நீலகிரி எக்ஸ்பிரஸே முடிவானது.

முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததற்கும் ஒரு நன்றி உண்டு. காலை எட்டு மணிக்குச் சாளரம் திறக்கும். அதே எட்டு மணிக்குத்தான் பள்ளி வேனும் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். ஒரு கையில் ஓடிபி, இன்னொரு கையில் குட்டியின் ஒற்றை ஷூவோடு அப்பா நின்ற கோலத்தை வாரியம் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டி விஷயத்துக்கு வருவோம். ஐம்பத்தெட்டு வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச் வரை இருந்தது. கொரோனாவோடு போனது, கொரோனா போன பிறகும் திரும்பவில்லை. அது போகட்டும். மூத்த குடிமக்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ் படுக்கை ஒதுக்கீடு இன்றும் இருக்கிறது. பாட்டிக்கு அதில் கிடைக்கவில்லை. காரணம் விதியிலேயே தெளிவாக இருக்கிறது: அந்த வயதுக்காரர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு சேர்ந்து இரண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அந்த ஒதுக்கீடு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஒரே டிக்கெட்டில் போகும் பாட்டிக்கு முழங்கால் வலிக்காது என்று வாரியத்தின் கணினி முடிவு செய்திருக்கிறது. பாட்டிக்கு வந்தது மேல் படுக்கை. எதிரே கீழ் படுக்கையில் காதில் இயர்போனோடு இருந்த ஒரு கல்லூரிப் பையனிடம், "தம்பி, கொஞ்சம் மாத்திக்கிறீங்களா?" என்று அப்பா கெஞ்ச, அவனும் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறிக்கொண்டான். ரயில்வே செய்யாததை அந்தத் தம்பி செய்தான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

முழுக் கட்டணம் கட்டிய பெரியவனின் நடுப் படுக்கையில் அன்றிரவு யார் தூங்கினார்கள் என்று வாரியம் தெரிந்துகொள்வது நல்லது. அவன் தூங்கவில்லை. கதை கேட்கிறேன் என்று பாட்டியிடம் இறங்கியவன், அங்கேயே குறுக்காகக் காலை நீட்டிவிட்டான். முறுக்கு டப்பா, மூன்று ஸ்வெட்டர், ஒரு பொம்மை டைனோசர் ஆகியவை முழுக் கட்டணத்தில் சேலம் வரை சொகுசாகப் பயணம் செய்தன. அதற்குப் பிறகு படுக்கை உரிமையே இல்லாத அரை டிக்கெட்டுக்காரி ஏறி, டைனோசரைக் கட்டிக்கொண்டு அங்கே தூங்கினாள். ஓசிப் பயணியான குட்டி, அம்மாவின் படுக்கையில் நான்கில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டான். அம்மா மிச்சத்தில், விளிம்பில், ஒருக்களித்து.

இதற்கும் ரயில்வே ஒரு தடவை தீர்வு கண்டது என்பதை மறைக்கக் கூடாது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி, லக்னோ மெயிலின் ஒரு மூன்றடுக்கு ஏசி பெட்டியில் இரண்டு கீழ் படுக்கைகளோடு குழந்தைப் படுக்கையை இணைத்துச் சோதனை செய்தார்கள். நீளம் 77 செ.மீ., அகலம் 25 செ.மீ. சொச்சம். மூன்று வயதுப் பிள்ளை தூக்கத்தில் சுழலும் வட்டத்தை அளந்தவர்கள் யாரும் அந்தக் குழுவில் இல்லை போலும். இருந்தாலும் முயற்சி, முயற்சிதான்.

நடுப் படுக்கையை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை விரிக்கலாம் என்பது விதி. குட்டிக்கு விதி தெரியாது. திருப்பூர் தாண்டியதும் நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "ஊட்டி வந்துடுச்சா?" என்றான்.

பார்வை 2-க்கு வருமுன் மலை ரயிலைச் சொல்ல வேண்டும். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். இதைப் பற்றிக் குறை சொல்ல மேற்படி குடும்பத்துக்கு மனமில்லை. சுமார் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்தின் மத்தியில் பல்சட்டம். இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன். பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததில் தப்பே இல்லை. குகை ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் "ஓ" என்று கத்த, பாட்டியும் ஏழாவது குகையிலிருந்து சேர்ந்துகொண்டார்.

ஆனால் மலை ரயிலின் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஊட்டி போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மலையேற்றத்தில் வேகம் மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்.

மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பசிக்கிறது என்று சொன்னதாக வரலாறு இல்லை. ஒரே நேரத்தில் ஒண்ணுக்கு வருகிறது என்று சொன்னதாகவும் இல்லை. முதலில் நடுப்பெண். "மேட்டுப்பாளையத்துலயே போயிட்டு வரச் சொன்னேனா இல்லையா?" என்றார் அம்மா. "அப்ப வரல, இப்பதான் வருது" என்றாள் அவள். இதை மறுக்க எந்த விதியிலும் இடமில்லை. அவளை ஹில்குரோவ் வரை இருக்கச் சொல்லிச் சமாதானம் செய்தார்கள். அங்கே ரயில் நிற்கும். எதற்காக நிற்கும் என்றால், இன்ஜின் தண்ணீர் குடிக்க. நூறு வருஷத்துக்கும் மேலாக, இன்ஜினுக்குத் தாகம் என்றால் அந்த மலையில் வண்டி நிற்கிறது. அந்த இடைவேளையில்தான் மனிதர்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் போய்வந்தாள். பெரியவன், "எனக்கு வரல" என்று குரங்குகளுக்கு வடையைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு குரங்கு வடையை வாங்கிக்கொண்டது. வண்டி நகர்ந்து அடுத்த குகைக்குள் நுழைந்ததும் அவனுக்கு வந்தது. குட்டிக்கு வந்ததை அவன் சொல்லவே இல்லை. அம்மாவின் மடி சொன்னது.

பார்வை 2-ல் கண்ட ஓகில் சந்திர சென்னுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். 1909-ல் அகமத்பூர் நிலையத்தில், பலாப்பழம் தின்ற வயிற்றைக் காலி செய்ய அவர் இறங்கினார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிய மனிதர், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் விழுந்தார். கார்டுக்குப் பெருந்தொகை அபராதம் போடாவிட்டால் பத்திரிகைக்குப் போவேன் என்று அவர் எழுதிய கடிதத்தை, வாரியமே தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் பெருமையோடு வைத்திருக்கிறது. ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்லப்படுவதும் உண்டு. மலை ரயில்பாதை ஊட்டியைத் தொட்டது 1908-ல். ஒரே ஒரு வருஷம் முந்திக்கொண்டது. அதனால்தான் சென் வாங்கித் தந்த வசதி மலையேறவில்லை என்று மேற்படி குடும்பம் புரிந்துகொள்கிறது.

பாரம்பரியச் சின்னத்தில் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும் என்று வாரியம் பதில் எழுதலாம். நியாயம். பெட்டியைத் தொட வேண்டாம். வண்டி நிற்கும் நிலையங்களில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குழாய், மாற்றுத்துணி போட ஒரு மேடை, "இன்னும் பத்து நிமிஷம் நிற்கும்" என்று தமிழில் ஒரு அறிவிப்பு. இதற்கெல்லாம் யுனெஸ்கோவைக் கேட்க வேண்டியதில்லை.

கேத்தி வந்தபோது அப்பா எழுந்து நின்று, "இந்த ஸ்டேஷன்லதான் மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் எடுத்தாங்க" என்றார். அம்மாவும் பாட்டியும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் மூவரும் அப்போதுதான் அசந்து தூங்கிப்போயிருந்தார்கள். மிச்ச நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாவரவியல் பூங்காவில், இரண்டு கோடி வருஷம் பழைய மரக் கல்படிவத்தின் முன்னால் நின்று பெரியவன் சார்ஜர் கேட்டான். ஏரியில் படகுக்கான வரிசையைப் பார்த்ததும் பாட்டி, "இதோ தெரியுதே தண்ணி, பாத்தாச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். 1824-ல் இந்த ஏரியை வெட்டிய கலெக்டர் சல்லிவனைக் குறை சொல்வதற்கில்லை. அவர் மே மாதக் கூட்டத்தை நினைத்து வெட்டவில்லை.

எனவே, வாரியம் கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்கக் கோரப்படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை முழு மனிதர்தான் என்றால், அந்த மனிதரின் சிறுநீர்ப்பையையும் முழுமையாக மதிக்க வேண்டும். 2,800 கோடியில் ஒரு துளி மலை நிலையங்களின் குழாய்க்கும் மேடைக்கும் வரட்டும். பேரப்பிள்ளைகளோடு ஒரே டிக்கெட்டில் போகும் பாட்டிக்கும் கீழ் படுக்கை ஒதுக்கீடு உண்டு என்று அந்த ஒரு வரி விதியைத் திருத்த வேண்டும். இதற்குத் தண்டவாளம் போட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். மென்பொருளில் ஒரு நிபந்தனையை எடுத்தால் போதும்.

அடுத்த மே 1-ம் தேதிப் பயணத்துக்கு முன்பதிவு மார்ச் 2 காலை எட்டு மணிக்குத் திறக்கும். பதில் அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
நான்கு படுக்கை, ஆறு உயிர்கள் கொண்ட
மேற்படி குடும்பம்