பால்சாக் வீட்டில் இல்லை

பாரிஸின் பாஸி பகுதியில், ரேனுவார் தெரு 47ஆம் எண் வீட்டுக்குள் இன்று யார் வேண்டுமானாலும் போகலாம். மாநகராட்சி அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் காசுகூடக் கேட்பதில்லை. 1840 முதல் 1847 வரை அங்கே வந்தவர்களில் பலர் காசு கேட்கத்தான் வந்தார்கள்.

உள்ளே பதுங்கியிருந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஒனொரே த பால்சாக். வாடகை வீடு, அதுவும் வீட்டைக் கவனித்துக்கொண்ட அம்மாளின் பெயரில். அந்தம்மா தன் பெயரில் ஒரு ‘த’ சேர்த்து, பிரபு வீட்டுப் பெண்போல ‘மதாம் த ப்ரூஞோல்’ ஆகியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஐயாவுடைய ‘த’வும் ஒட்டவைத்ததுதான். வருகிறவர் பிளம் பழ சீசன் வந்துவிட்டது என்றோ, பெல்ஜியத்து லேஸ் கொண்டுவந்திருக்கிறேன் என்றோ சொன்னால்தான் கதவு திறக்குமாம். வீடோ மலைச்சரிவில். மேல்தெருவில் கடன் கொடுத்தவர் கதவைத் தட்டினால், எழுத்தாளர் கீழே பெர்ட்டோன் சந்து வழியாக நழுவிவிடலாம். வாஸ்து என்றால் இது!

இவ்வளவு கடன் எப்படி? பதிப்பகம், அச்சகம், எழுத்து வார்ப்படச் சாலை என்று மூன்றையும் தொட்டு, 1828க்குள் மூன்றையும் கவிழ்த்தார். 1838இல் சார்டினியாவில் வெள்ளி அள்ளப் போனார்; உரிமத்தை வேறொருவர் வாங்கியிருந்தார். பிறகு அன்னாசித் தோட்டம். ஒரு செடிகூட நடவில்லை. பழம் விற்க பாரிஸில் கடை பார்க்க மட்டும் நண்பர் கோத்தியேயை இழுத்துக்கொண்டு அலைந்தார்.

எழுதிச் சம்பாதித்திருக்கலாமே என்பீர்கள். ராத்திரி எழுந்து, வெள்ளைத் துறவி அங்கியில், காபியைக் குடித்துக் குடித்து எழுதினார்தான். அந்தச் சின்ன மேஜையும், அவர் பெயரெழுத்துப் பொறித்த பீங்கான் காபிப் பாத்திரமும் அங்கேயே இருக்கின்றன. வினை வந்தது ப்ரூஃபில். அச்சகத்திலிருந்து வந்த தாளின் நாலு ஓரத்திலும் கோடு இழுத்து, அம்புக்குறி போட்டு, புதுப் பத்திகளைச் செருகி, மறுபடி மறுபடி அச்சுக் கோக்கவைப்பார். அந்தச் செலவு அவர் தலையில் விடியும். கோத்தவர்களின் சாபம் தனி.

கடைசியில் 1850 மார்ச்சில் பணக்கார விதவை ஹன்ஸ்கா அம்மையாரைக் கைப்பிடித்தார். ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். மிச்சக் கடனை அம்மையார்தான் அடைத்தார். ஏமாந்துவிட்டார் என்று பரிதாபப்பட வழியில்லை. 1830களிலிருந்து அவருக்கு வந்த காதல் கடிதங்களில் கடன் கணக்கும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது.