தீவகத்துக் கறளியல்: ஒரு முன்னாய்வு

கறள் என்பது யாது? துரு என்பாரும் உளர். இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் கூடினால் கறள். உப்பும் சேர்ந்தால் விரைவில் கறள். விஷயம் ஒரு வரியில் முடிந்துவிடுவதால் பேராசிரியர்கள் இதைத் தொடுவதில்லை.

ஆய்வுக்களம், பண்ணைப் பாலத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை. பாலங்களில் இருபுறமும் கடல். சோழகம் கிளம்பினால் கண்ணாடியில் உப்பு படியும். வைப்பரைப் போட்டால் கஞ்சியாகும். ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், நெடுந்தீவுக்கு டெல்ஃப் என்று பெயர் பூசினார்கள். டெல்ஃப் மட்டும் ஒட்டி நிற்கிறது, மற்றவை உதிர்ந்துவிட்டன. அடிப்பூச்சு சரியில்லை என்பதே என் துணிபு.

ஆய்வுப்பொருள், அடியேனின் மொறிஸ் மைனர். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இனம். பெற்றோல் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய பரம்பரை. குடிப்பதில் அதற்கு ஆசாரம் கிடையாது, உப்புத்தான் ஆகாது. மட்கார்டைத் திறப்பால் தட்டினால் மேலே ‘டிங்’, கீழே ‘டொக்’. டொக் என்ற இடத்தில் இருப்பது பட்டி, தகரம் அன்று.

தடுப்பு முறைகள்.

துத்தநாகப் பூச்சு: நல்லது.

கழிவு ஒயில்: அடித்தகட்டில் பழைய என்ஜின் ஒயிலைத் தூரிகையால் பூச வேண்டும் (பெரியப்பா, சாய்மனைக் கதிரை உரை). பூசவே கூடாது, புழுதி ஒட்டும் (அதே பெரியப்பா, சாப்பாட்டுக்குப் பின்). பூசலாம் (பக்கத்து வீட்டு மச்சான், வேலிக்கு மேலால், மூன்றாம் திருத்திய பதிப்பு, பெரியப்பாவை மேற்கோள் காட்டி, பெரியப்பாவுக்கு அதைச் சொன்னவனே நான் என்பதை அறியாமல்). இப்படி வட்டமாய் ஓடுவதற்குப் பல்கலைக்கழகத்தில் ‘ஆய்வு மரபு’ என்று பெயர்.

இங்கே நாயையும் கருத வேண்டும். பூசிய மத்தியானமே எங்கள் நாய் காருக்குக் கீழே போய்ப் படுத்தது. சொட்டிய ஒயில் முழுவதும் அதன் முதுகில். பிறகு அது பெரியப்பாவின் வேட்டியில் உரசியது. இன்று கார் கறள் பிடித்திருக்கிறது. நாய்க்கும் வேட்டிக்கும் ஒரு பொட்டுக் கறள் இல்லை. ஆகவே கழிவு ஒயில் பலன் தரும் என்பது நிறுவப்பட்டது. பூசும் இடம் பற்றியே கருத்து வேறுபாடு.

இன்னொரு முறையும் உண்டு. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை ஈர்க்கால் குத்தித் திறந்துவிட வேண்டும். அடைத்தால் உள்ளே தேங்கிய நீர் தகரத்தை உள்ளிருந்தே தின்னும். பிறகு நல்ல தண்ணீரால் அடிப்பாகம் வரை கழுவ வேண்டும். அறிஞர் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இது. எங்கள் கிணறோ உவர். குடிதண்ணீர் பவுசரில் வருகிறது. அதில் ஒரு வாளியைக் காருக்கு ஊற்றியது தொடர்பாக வீட்டில் ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைமையுரையும் நன்றியுரையும் மனைவியே ஆற்றினார்.

வவுனியாப் பக்கம் யாரிடமாவது மொறிஸ் மைனர் இடப்பக்க முன் மட்கார்ட் இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும். தீவுக்காரர் எழுத வேண்டாம்.