பண்ணியாச்சு மகாத்மியம்

தமிழ் வினைச்சொற்களிடம் ஒரு பெரிய குறை உண்டு. வேலை நடந்ததா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் "இறக்கியாச்சு" என்று சொன்னால் அடுப்பில் சட்டி இருக்கக் கூடாது. இருந்தால் மாட்டிக்கொண்டார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர் "அறுத்தாச்சு" என்றால் தறியில் துணி இருக்கக் கூடாது. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் பாடு இன்னும் மோசம். வடம் பிடித்து, நாலு ரத வீதியும் சுற்றி, புறப்பட்ட இடத்தில் வந்து நின்றால்தான் "நிலைக்கு வந்தாச்சு" என்று வாயைத் திறக்கலாம். பாதி வழியில் நின்றுகொண்டு "எண்பது பர்சன்ட் நிலைக்கு வந்தாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். வடத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த மாதிரிப் பட்டிக்காட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தை நடத்த முடியுமா? நல்லவேளை, ஆங்கிலம் வந்து மானத்தைக் காப்பாற்றியது. இனிஷியேட், ப்ராசஸ், எக்ஸிக்யூட், இம்ப்ளிமென்ட்: ஒவ்வொன்றும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. போட்டுக்கொண்டு வயலில் இறங்க முடியாதுதான். இறங்க வேண்டிய அவசியமும் இல்லை. தமிழும் இந்த நல்ல காரியத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 'பண்ணு', 'ஆச்சு' என்று இரண்டு எடுபிடிகளை அனுப்பிவைத்தது. முன்னது எந்த ஆங்கில வினை வந்தாலும் தோளில் தூக்கிக்கொள்ளும். பின்னது செய்தவர் பெயரைச் சுத்தமாகத் துடைத்துவிடும். "இனிஷியேட் பண்ணியாச்சு." யார் செய்தது, எதை, என்றைக்கு என்று கேட்கிறவர்கள் நாகரிகம் தெரியாதவர்கள்.

வத்திராயிருப்புப் பக்கத்துச் சம்சாரி ஒருவர், கண்மாய் மடை உடைந்து கிடக்கிறது என்று திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஐயா, மடையக் கட்டியாச்சுங்களா?"

"எஸ்டிமேட் பிரிப்பேர் பண்ணி ஃபார்வர்ட் பண்ணியாச்சு பெரியவரே. சாங்ஷன் ஆனதும் எக்ஸிக்யூட் பண்ணிருவோம்."

பழைய காலமாக இருந்தால் "இன்னும் கட்டலை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அந்த மனிதரின் மனத்தைப் புண்படுத்தியிருப்பார்கள். இப்போது அவர் இல்லை என்ற சொல்லையே கேட்காமல் ஊர் திரும்புகிறார். டீக்கடையில் விசாரிக்கிறவர்களிடம் "ஃபார்வர்ட் ஆயிருச்சாம்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளவும் முடிகிறது. மடைத் தண்ணீரும் ஃபார்வர்ட் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் மடை, கண்மாயெல்லாம் சில்லறைச் சமாசாரம். இந்தச் சொற்களின் முழு மகிமையைத் தரிசிக்க வேண்டுமானால் பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு நதி இணைப்புத் திட்டத்துக்கு வர வேண்டும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வைப்பாற்றுப் படுகையில் இருக்கிற ஊர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பம்பையும் அச்சன்கோவிலாறும் மேற்கே ஓடுகின்றன. இந்தப் பக்கம் வைப்பாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. மேற்கே போவதில் ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டரை, மூன்று அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 91,400 ஹெக்டேர் நிலம் பாசனம் பெறும் என்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை கணக்குப் போட்டது. சாத்தியக்கூறு அறிக்கை 1995-இல் தயார்.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீருக்காக என்னதான் செய்யவில்லை! ஸ்டடி பண்ணினார்கள். டிஸ்கஸ் பண்ணினார்கள். தமிழ்நாடு ரிக்வெஸ்ட் பண்ணியது, பிறகு ரிமைண்ட் பண்ணியது. தேர்தல் மேடைகளில் ப்ராமிஸ் பண்ணினார்கள். எங்கள் ஆறுகளில் உபரித் தண்ணீரே இல்லை என்று கேரளம் அப்ஜெக்ட் பண்ணியது. இத்தனையிலும் சொன்னபடி நடந்தேறியது அந்த அப்ஜெக்ட் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் பாயாமல் இவ்வளவு வினை விளைந்த வயல் வேறெங்கும் இருக்க முடியாது.

இதையெல்லாம் பார்க்கும்போது பென்னிகுக் மேல் பரிதாபம்தான் வருகிறது. ஆங்கிலம் அந்த மனிதருக்குத் தாய்மொழி. இத்தனை சொற்களும் வீட்டிலேயே இருந்தும் அருமை தெரியாமல் அவசரப்பட்டுவிட்டார். இதே மலைத்தொடரில், இதே போல மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுக்கு 1887-இல் அணை வேலையைத் தொடங்கி, 1895-இல் தண்ணீரைக் கிழக்கே திருப்பியே விட்டார். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதாவது "ரிவ்யூ பண்ணிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய்க் குளிர்காய்ந்திருக்கலாம். அதுகூடத் தெரியாமல் திரும்பக் கட்டினார். ராஜபாளையத்திலும் இப்படி ஓர் அவசரக்காரர் இருந்தார்: பி.ஏ.சி. ராமசாமி ராஜா. 1936-இல் ராஜபாளையம் மில்ஸை ஆரம்பித்தவர். நூற்பாலை என்றால் நூல் வர வேண்டும் என்கிற பழைய நம்பிக்கை.

அந்த மாதிரி ஆட்களால் வந்த வினைதான், இன்றைக்கும் சிலர் தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள். பெரும்பாலோர் பக்குவமாக இருக்கிறார்கள். சாத்தியக்கூறு அறிக்கை வந்த வருஷம் இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்கு முப்பது வயதாகிவிட்டது. வயலை நம்பாமல் கம்ப்யூட்டர் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து, காலைக் கூட்டத்தில் இனிஷியேட் பண்ணியதையும் சாயங்காலக் கூட்டத்தில் இம்ப்ளிமென்ட் பண்ணப்போவதையும் சொல்லிச் சம்பளம் வாங்குகிறார்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் வருகிறது. தண்ணீர் வராத நிலத்துக்குச் சொந்தக்காரர்களான அப்பா அம்மாவுக்கு இந்தச் சொற்கள்தான் இப்போது சோறு போடுகின்றன.