சத்த வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

பாடகருக்கு மாலை போட்டோம். இசையமைப்பாளருக்குப் பட்டம் கொடுத்தோம். கவிஞருக்குச் சிலைகூட வைத்தோம். பாட்டு முழுவதும் தயாராகி முடிந்த பிறகு, கடைசி அறையில் உட்கார்ந்து அதன் சத்தத்தை ஏற்றி அனுப்பும் மாஸ்டரிங் பெருமக்களுக்கும், “இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்” என்று அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று ஊக்கம் தரும் கம்பெனி முதலாளிகளுக்கும் இதுவரை ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை. நன்றி கெட்ட சமூகம் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

அவர்கள் செய்த முதல் உபகாரம் நம் உடல்நலம் சம்பந்தப்பட்டது. செல்போனில் சேர்த்துவைத்த பாட்டுகளைக் கலந்துகட்டி ஓடவிடும் எவருக்கும் இது தெரிந்திருக்கும். பழைய இசைத்தட்டிலிருந்து மாற்றிய சுசீலா பாடல் ஒன்று ஓடுகிறது. பேருந்து இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றி, கண்ணை மூடி, சரணத்துக்குள் போய்விட்டோம். அது முடிந்த மறு நொடி, போன வருஷத்துப் படத்தின் நாயகன் அறிமுகப் பாட்டு நேராக மூளைக்குள் இறங்குகிறது. இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டு, காசு வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் செய்யும் சோதனையை இவர்கள் பாட்டுக்குப் பாட்டு இலவசமாகச் செய்கிறார்கள். கட்டை விரலுக்குக் கிடைக்கும் பயிற்சி தனிக் கணக்கு.

இந்த உயரத்தை எட்ட அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கருப்பு இசைத்தட்டுக் காலத்தில் இயற்கையே எதிரியாக நின்றது. சத்தம் கூடினால் தட்டில் வெட்டும் தடம் அகலமாக ஆடும். தடம் அகன்றால் ஒரு பக்கத்தில் கொள்ளும் பாட்டின் நேரம் குறையும். அளவு மீறி ஆடினால் ஊசி தடத்தைவிட்டுத் துள்ளிவிடும். அப்படியும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்க உணவு விடுதிகளில் ஜூக்பாக்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கடைக்காரர் ஒரு வால்யூமை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பக்கத்துத் தட்டைவிடச் சத்தமாக வெட்டிய தட்டுதான் சாப்பிடுபவர்களைத் திரும்பிப் பார்க்கவைக்கும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி தன் சின்னத் தட்டுகளை இந்த வகையில் சத்தமாக வெட்டிப் பேர் வாங்கியது. ஆனாலும் ஊசி என்ற ஒன்று இருந்தவரை, வள்ளன்மைக்கும் ஒரு வரம்பு இருந்தது.

1982இல் சி.டி. விற்பனைக்கு வந்தது. ஊசி ஒழிந்தது. பதினாறு பிட் டிஜிட்டல் ஒலியில், மிக மெல்லிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் கிடைத்தது. இசைத்தட்டும் கேசட்டும் கனவிலும் காணாத அகலம். புல்லாங்குழலின் மூச்சு ஒரு மூலையிலும் முரசின் அடி மறு மூலையிலும் தாராளமாகக் குடியிருக்கலாம். உலகம் இதை ஒரு மாளிகை என்று நினைத்தது. நம் வள்ளல்களோ அவ்வளவு இடத்தையும் பூட்டிவைத்துவிட்டு, எல்லோரையும் மொட்டைமாடி விளிம்பில் வரிசையாக நிற்கவைத்தார்கள். டிஜிட்டல் ஒலியின் உச்சவரம்பு பூஜ்ய டெசிபல். அதற்கு மேலே எண்ணே கிடையாது. அந்தப் பூஜ்யத்தை முதல் நொடியில் பிடித்து, பாட்டு முடியும்வரை விடாமல் நிற்பது என்ற விரதத்தை அவர்கள் 1990களில் எடுத்துக்கொண்டார்கள். 1973இல் வெளிவந்த ‘ரா பவர்’ இசைத்தொகுப்பை அதன் பாடகர் இகி பாப் 1997இல் மறுகலவை செய்து கொடுத்தபோது, அது உலகின் மிகச் சத்தமான சி.டி.களில் ஒன்றாக நின்றது. வைராக்கியம் என்றால் அது.

இதன் சூட்சுமம் எளிது. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவதில் ஒரு டெசிபல் மட்டும் ஏற்றிவைத்தால், சத்தம் கூடியிருப்பது கேட்பவருக்குத் தெரியாது. இரண்டாவது “தெளிவாக இருக்கிறது” என்பார். காதின் இந்தப் பலவீனம் அவர்களுக்கு மனப்பாடம். எனவே போட்டிக் கம்பெனியின் பாட்டைவிட நம் பாட்டு ஒரு டெசிபல் கூட இருக்க வேண்டும். அவன் ஏற்றினால் நாம் அதற்கு மேல். ஆனால் உச்சவரம்பு நகராதே? அதற்குத்தான் கம்ப்ரஷனும் லிமிட்டரும். டிரம்ஸ் அடி, மிருதங்கத்தின் வலந்தலைத் தட்டு, தவிலின் வெட்டு என்று கண நேரம் மட்டும் துருத்திக்கொண்டு எழும் சிகரங்களை அழுத்து. சிகரங்கள் குனிந்ததும் மேலே இடம் காலியாகும். மொத்தப் பாட்டையும் தூக்கி அந்த இடத்தில் வை. இப்போது மூச்சு விடுவதும் முழங்குவதும் ஒரே உயரம். இன்னும் ஆசை தீராவிட்டால் அலையின் தலையையே சீவிவிடலாம். கிளிப்பிங் என்று தொழிலில் சொல்வார்கள். கரகரவென்று ஒரு சுகமான உறுத்தல் கூடுதலாகக் கிடைக்கும். அரை மணி நேரம் கேட்ட பிறகு காது வலிப்பதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். ஒரு பாட்டின் உழைப்பைக் காது முழுமையாக உணர்ந்துவிட்டதற்கு அதைவிட வேறு அத்தாட்சி இல்லை.

இந்த வள்ளன்மையின் சிகரம் 2008 செப்டம்பரில் வெளியான மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னடிக்’. சிகரம் என்றேன்; உண்மையில் அதில் சிகரமே இல்லை என்பதுதான் விசேஷம். கணினித் திரையில் அதன் அலைவரைபடத்தைப் பார்த்தால் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், கம்பி போட்டு இழுத்த சுவர் போல நேராக நிற்கும். அதே சமயத்தில் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்கும் அந்தப் பாட்டுகள் போயின. விளையாட்டுக்கு ஒவ்வொரு கருவியின் ஒலியும் தனித்தனியாக வேண்டும் என்பதால், கடைசி நசுக்கலுக்கு முந்திய நிலையில் அவை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. விளைவு, சிறுவர்கள் பிளாஸ்டிக் கிட்டாரைத் தட்டி விளையாடும் விளையாட்டில் டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்டது. காசு கொடுத்து சி.டி. வாங்கிய ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்துப்போய், மறுபடி கலவை செய்து கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே பாட்டு நசுங்கித்தான் வந்தது என்ற பொருளில் எழுதிய மடல் வெளியே வந்தது. எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள். இத்தனை பெரிய சாதனை நடந்தும், பெருமையை ஏற்றுக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. தொகுப்போ பல நாடுகளின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மனு போட்டவர்களுக்கு அதுவே பதில்.

வியாபார நுட்பத்திலும் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. முதலில் நசுக்கி விற்கலாம். பிறகு நசுக்கலை எடுத்தும் விற்கலாம். கனடாவின் ரஷ் குழு 2002இல் வெளியிட்ட ‘வேப்பர் டிரெயில்ஸ்’ தொகுப்பின் இரைச்சலைப் பற்றி ரசிகர்கள் புலம்பிப் புலம்பி, 2013இல் அதே பாட்டுகள் புதுக் கலவையில் மறுபடி வந்தன. ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு. இன்னொரு பக்கம், நன்றாகவே இருந்த பழைய தொகுப்புகளை எடுத்து, சத்தத்தை மட்டும் ஏற்றி, உறையில் ‘ரீமாஸ்டர்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்து விற்பதும் தழைத்து நடக்கிறது. வேறு எந்தத் தொழிலிலும் பண்டத்தைக் கெடுத்ததற்கும் சரிசெய்ததற்கும் தனித்தனியே விலை வாங்க முடியாது.

நல்லவர்கள் என்றால் பகைவர்கள் முளைப்பது இயற்கை. 2001இல் டேவிட் ராபின்சன் என்பவர் ‘ரீப்ளேகெயின்’ என்றொரு முறையை முன்வைத்தார். பாட்டின் உச்சத்தை விட்டுவிட்டு, மனிதக் காதுக்கு அது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று கணக்கிட்டு, “இதை இத்தனை டெசிபல் குறைத்துப் போடு” என்ற குறிப்பை மட்டும் கோப்பில் சேர்த்துவிடுவது. பாட்டின் ஒலியில் கை வைப்பதே இல்லை. அதே கணக்கைக் கொண்டு எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள், எம்பி3 கோப்பில் உள்ள அளவு எண்ணை 1.5 டெசிபல் படிகளாக மாற்றியது. வேண்டாம் என்றால் பழையபடி திருப்பிக்கொள்ளவும் வழிவைத்தது. இப்படி ஒன்றையும் உடைக்காமல், காசும் வாங்காமல், சத்தமும் போடாமல் ஒரு வேலையைச் செய்பவர்களைப் பற்றிப் புகழ்ந்து எழுத என்ன இருக்கிறது? 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒலியளவை அளக்க ஒரு பொதுக் கோலை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அதன் அடிப்படையில் தொலைக்காட்சிக்கு ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 2010இல் சட்டமே போட்டு, 2012 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே, விளம்பரம் மிதமிஞ்சிய சத்தமாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. வரி உண்டு என்பதில் ஐயமே இல்லை. சீரியலுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும்போது யாரும் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் இணையவழிப் பாட்டுச் சேவைகளும் பகைவர் கட்சியில் சேர்ந்துகொண்டன. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சராசரியாக, அந்தப் பொதுக் கோலின் அலகில் −14 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. ஆப்பிளின் கணக்கு −16. இங்கேதான் நம் வள்ளல்களின் தியாகம் முழுதாக வெளிப்படுகிறது. ஒருவர் சிகரங்களை எல்லாம் நசுக்கி, பாட்டைச் சராசரி −6க்கு ஏற்றிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவை அதை 8 டெசிபல் குறைத்துவிடும். பூஜ்யத்தில் நின்ற அதன் உச்சம் −8க்கு இறங்கும். சராசரிக்கு மேலே டிரம்ஸ் எழுந்து அடிக்க 6 டெசிபல் இடம்தான் மிச்சம். பேராசை இல்லாத இன்னொருவர் −14இலேயே விட்டு, உச்சத்தை −1இல் வைத்திருந்தால், அவருடைய டிரம்ஸுக்கு 13 டெசிபல் இடம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் சத்தமாகக் கொடுத்த பாட்டுதான் சோனியாகக் கேட்கும். ஏற்றிய சத்தம் திரும்பப் போய்விட்டது. நசுங்கியது நசுங்கியபடியே இருக்கிறது. பலன் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கடமையைச் செய்துகொண்டிருப்பவர்களைக் கர்ம யோகிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சமன் செய்கிறவர்களிலும் ஒரு பிரிவுக்குச் சால்வை பாக்கி இருக்கிறது. ரீப்ளேகெயினில் இரண்டு வழிகள் உண்டு: ஒவ்வொரு பாட்டையும் தனியாகச் சமன் செய்வது ஒன்று, முழுத் தொகுப்புக்கும் ஒரே திருத்தம் போட்டு, உள்ளே இருக்கும் மேடு பள்ளத்தை அப்படியே விட்டுவைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியைத் தொடாமல், எல்லாக் கோப்பையும் தனித்தனியாக ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் சமதர்மவாதிகளைத்தான் சொல்கிறேன். அவர்கள் ஆட்சியில் தாலாட்டும் குத்துப்பாட்டும் சரிசமம். குழந்தை தூங்கினால்தான் ஆச்சரியம். பகுதி பகுதியாகத் தனிக் கோப்புகளாக வெட்டிய கச்சேரிப் பதிவை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் பணிந்து உட்காரும். ராகம் தொடங்குவதற்கு முந்திய தம்புராவும், அதனோடு முன்வரிசை மாமாவின் இருமலும், சாக்லேட் காகிதம் பிரிக்கும் சரசரப்பும் வித்வானுக்கு இணையான அந்தஸ்தை அடையும். சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால்கூட இவ்வளவு துல்லியமாகக் கேட்காது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பாட்டுச் செயலியின் அமைப்புகளுக்குள் போனால், ஒலியளவைச் சமன் செய்யும் பொத்தான் ஒன்று இருக்கும். பலருக்கு அது முன்கூட்டியே போட்டே வந்திருக்கும். தயவுசெய்து அணைத்துவிடுங்கள். உங்களிடம் சொந்தமாக இருக்கும் கோப்புகளுக்கு ரீப்ளேகெயின் போடும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். தொகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் போடும் வழியை மட்டும் கனவிலும் தொடாதீர்கள். அது பாட்டைக் கெடுக்காமல் வேலையை முடித்துவிடும். வள்ளல்களைப் பற்றிய நினைப்பே உங்களுக்கு வராமல் போய்விடும்.