ஹட்டன் வட்டாரத்தில் பிரித்தானியக் குடும்பப் பெயர்களின் பரவலும் பெருக்கமும் வாரிசுரிமையும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒரு குடும்பப் பெயர் எப்போது சாகும்? இந்தக் கேள்வியை 1873இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கல்விப் பத்திரிகையில் கணக்காகப் போட்டார். பெரிய மனிதர்களின் பெயர்கள் ஆண் வாரிசு இல்லாமல் ஒவ்வொன்றாக அற்றுப்போகின்றனவே என்பது அவருடைய கவலை. ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் கணக்கைப் போட்டு முடித்தார். கொஞ்சம் பொறுத்தால் எல்லாப் பெயரும் அழிந்துவிடும் என்பது அவர் கண்ட விடை. அதில் ஒரு பிழை இருந்தது. 1930இல் ஸ்டெஃபென்சன் என்ற டென்மார்க் நாட்டவர் அதைத் திருத்தினார். திருத்தப்படாத இன்னொரு பிழையும் உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு: பாதிரியார் இலங்கை மலையகத்து ஹட்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கால்டன் கணக்கின் அடிப்படை எளிது. பெயரைச் சுமப்பவன் மகன். மகன் இல்லாத வீட்டில் பெயர் முடிந்தது. பிரித்தானியாவில் இன்றும் ஒற்றைப் பெயர் ஆய்வாளர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 1979இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டவர்கள். அரிய பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 1881ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் அது எந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருந்தது, இப்போது எங்கே தேய்ந்து எங்கே வளர்ந்திருக்கிறது என்று படம் போடுவார்கள். பாவம், அவர்கள் எல்லாரும் மனிதர்களை மட்டுமே எண்ணுகிறார்கள்.

முதலில் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஹட்டன் என்பது இங்கிலாந்தில் பழைய குடும்பப் பெயர். முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் ஒருவர் சேர் கிறிஸ்டோபர் ஹட்டன். இலண்டனில் வைர வியாபாரிகளின் தெருவுக்கு அவருடைய குடும்பப் பெயர்தான். நம்முடைய ஹட்டனோ ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். இங்கே ஓர் ஆட்சேபம் எழும். நீர் ஆராய்வது குடும்பப் பெயரையா, ஊர்ப் பெயரையா? நியாயமான கேள்வி. ஊர்ப் பெயரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அதையே பரம்பரைப் பெயர் என்று சொல்லிக்கொண்டவர்கள் பிரித்தானியர். டன்பார், டிரேட்டன், ஃபோடைஸ் எல்லாம் அங்கே ஊருமாகும், ஆளுமாகும். அவர்களே பிரித்துப் பார்க்காததை நாம் பிரிக்கப்போனால் கட்டுரை முடியாது. ஆட்சேபம் தள்ளுபடி.

இனி, தேயிலைத் தோட்டங்களின் பெயர்களிலிருந்து மாதிரிகள். கொட்டகலையில் டிரேட்டன், ஆங்கிலக் கவிஞர் மைக்கல் டிரேட்டனின் பெயர். அதே பக்கத்தில் யூலிபீல்ட். அதன் வயிற்றுக்குள் யூல் என்ற ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயர் ஒளிந்திருக்கிறது. டிக்கோயாவில் ஃபோடைஸ். மஸ்கெலியாவில் பிரவுன்லோ. பொகவந்தலாவைக்கு அப்பால் காம்பியன். 1581இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட இயேசு சபைத் துறவி எட்மண்ட் காம்பியனின் பெயர். ஹட்டன் நகருக்குள்ளேயே டன்பார். தோட்டம்கூட இல்லை, மைதானம். தொழிற்சங்கக் கூட்டமும் விளையாட்டுப் போட்டியும் நடக்கும் புல்தரை. டிக்கோயாவில் 1879இல் உயிர்விட்டு, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் கமரன் அரிய பெயரல்ல. ஆய்வு நெறி தடுக்கிறது.

இந்தப் பெயர்களைச் சுமந்திருந்த இனம், கால்டன் கணக்குப்படி, இங்கே பிழைத்திருக்கவே கூடாது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பித் தோட்டத்து வெள்ளைத் துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். தேயிலை கைகொடுத்தது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு ஏறி வந்தது. ஆனால் சின்னத்துரையாக வருகிற பையன் முதல் ஒப்பந்தக் காலத்தில் கலியாணம் கட்டக்கூடாது என்பது பல கம்பெனிகளின் நிபந்தனை. கட்டினாலும், பிள்ளைக்கு ஏழு எட்டு வயதானதும் படிக்கக் கப்பலேற்றி விடுவார்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு எல்லாவற்றையும் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரே கலியாணம் கட்டாமல் 1892இல் இறந்தார். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மிச்சமிருந்த துரைமாரும் போனார்கள். வாட்சன் பாதிரியார் உயிரோடிருந்தால் கையைத் தட்டிக்கொண்டு பூச்சியம் என்று எழுதியிருப்பார்.

பூச்சியமா? ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அந்தி நேரம் போய் நில்லுங்கள். பிரித்தானிய ஆய்வாளருக்குக் குடிசனக் கணக்கு எப்படியோ எனக்கு இந்த பஸ் ஸ்டாண்ட் அப்படி. கொண்டக்டர் படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக கொட்டகலை, கொட்டகலை என்று கூவுகிறார். உள்ளே கொழுந்துக்கூடைக் கயிறு தழும்பேறிய நெற்றியோடு ஓர் அம்மா, மடியில் சந்தைப் பை, “தம்பி, ட்ரேட்டன் முடக்குல நிப்பாட்டுங்க” என்று சொல்கிறார். ஒரு நாளைக்கு இந்த ஒரு பஸ்ஸில் உச்சரிக்கப்படும் அளவுக்கு அந்தக் கவிஞரின் பெயர் இங்கிலாந்தில் உச்சரிக்கப்படுமா என்பது எனக்குச் சந்தேகம்.

பெருகும் விதம் இதுதான். மகன் தேவையில்லை. தோட்டம் ஒன்று மேல் பிரிவு, கீழ் பிரிவு, புதுக்காடு என்று பிரியும். மூன்றுக்கும் அதே பெயர். பள்ளிக்கூடம் வரும்; நுவரெலியா மாவட்டத்தைக் குறிக்கும் ‘நு’வும் ஒரு சாய்கோடும் முன்னே, தமிழ் வித்தியாலயம் பின்னே, நடுவில் இரண்டு பக்கமும் நெருக்க ஓர் ஆங்கிலக் கனவான். பிறகு கூட்டுறவுக் கடை. மரண உதவிச் சங்கம். கிரிக்கெட் அணி, பனியனின் முதுகில் பெயர் கோணலாக அச்சாகியிருக்கும். கோயில் திருவிழா நோட்டீஸில் மாரியம்மனுக்கு முன்னால் அந்தப் பெயர்தான் வரும். இல்லாவிட்டால் எந்த மாரியம்மன் என்று தெரியாது. தொழிற்சாலையில் இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனிக்கும் அதே முகவரி. சைவ சமயத்தில் ஸ்கொட்லாந்துக் குடும்பப் பெயர் சேர்ந்த தெய்வங்கள் வேறெங்கும் உண்டா என்பதைச் சமய அறிஞர்கள்தான் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டதால் ஒன்று. அங்கே பெயர்கள் இரும்பில் வார்த்தே வந்தன. கொழுந்தை உருட்டும் ரோலர் ஜக்சன். அதைச் செய்து அனுப்பிய கம்பெனி மார்ஷல். காயவைக்கும் சிரோக்கோ பெல்ஃபாஸ்ட் நகரில் டேவிட்சன் செய்தது. இவை மனிதர்களைவிட நீண்ட ஆயுள் கொண்ட பெயர்கள். எண்ணெய் போட்டால் போதும்.

அழிந்த பெயர் ஒன்றுகூட இல்லையா? உண்டு, ஆய்வென்றால் எதிர்ச் சான்றையும் காட்ட வேண்டும். சிவனொளிபாத மலையடிவாரத்துக்குத் துரைமார் வைத்த பெயர் டல்ஹௌசி. ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரின் பட்டம். மார்கழியிலிருந்து வைகாசி வரை மலையேறப் போகும் சனங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. நல்லதண்ணி என்றார்கள், நல்லதண்ணிதான் நின்றது. டல்ஹௌசி இப்போது வெளிநாட்டுப் பயணிகளின் வழிகாட்டிப் புத்தகத்தில் மட்டும் உயிர் வாழ்கிறது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் ரயில் நுழையும் நீளச் சுரங்கத்துக்கும் ஏட்டில் பூல்பேங்க் என்று பெயர். எங்கள் வாயில் சிங்கமலைச் சுரங்கம். ஆக, சனம் வேண்டாம் என்றால் பெயர் போய்விடும். காம்பியனும் டிரேட்டனும் இருக்கின்றன என்றால் சனம்தான் இருக்க விட்டிருக்கிறது. கருணைக்கு வாட்சனின் சூத்திரத்தில் எழுத்து இல்லை.

இப்போது, ஆய்வாளன் மறைக்கக்கூடாத ஒரு வெற்றிடம். மலைக்கு, மைதானத்துக்கு, நீர்த்தேக்கத்துக்கு, ரயில் நிலையத்துக்கு, இரும்புக்கு, ஏன், அம்மனுக்கும் ஒட்டிக்கொண்ட இந்தப் பெயர்கள் ஒரே ஒரு இடத்தில் ஒட்டவில்லை. துரைமாருக்கும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தொழிலாளிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால். கால்டனின் சூத்திரம் எதிர்பார்த்த ஒரே வாரிசு அந்தப் பிள்ளைதான்; அங்கேதான் பெயர் மறுக்கப்பட்டது. நுவரெலியாவில் ஆர்னோல்ட் பெய்ன்டர் என்ற மிஷனரி இத்தகைய பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். பெய்ன்டர் என்பதே கோர்ன்வால் பக்கத்து அரிய பெயர். அவர் அனகி வீரசூரிய என்ற சிங்களப் பெண்ணை முறைப்படி மணந்து, மகனுக்குத் தம் பெயரைக் கொடுத்தார். அந்த மகன்தான் கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்துச் சுவர்களில் ஓவியம் தீட்டிய டேவிட் பெய்ன்டர். பெயர் கொடுப்பது அவ்வளவு கடினமான காரியமல்ல என்பதற்கு அவர் சான்று. இல்லத்தில் வளர்ந்த மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் பெயரைத் தேட வேண்டுமானால், ஏதாவது ஒரு தோட்டத்துப் பெயர்ப்பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் தமிழ்ப் பெயர்களின் நிலை என்ன? ஒப்பீடு இல்லாமல் ஆய்வு இல்லை. விடிகாலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் போடுவார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. அந்தியில் தராசில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நூற்றைம்பது வருடமாக எந்தத் துரையின் பெயரும் பாதியாக வெட்டப்பட்டதாகப் பதிவில்லை. கொழுந்து பறிக்கும் பெரியம்மாவின் பெயரோ மழை பெய்தால் பாதி. இந்த வேறுபாட்டுக்குத் தட்பவெப்பம் காரணமா என்று யாராவது ஆராயலாம், நான் ஆராயவில்லை.

பரவலின் எல்லை ஹட்டனோடு முடியவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு வைத்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்தது. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் ஏறிய சனங்கள் தகரப் பெட்டியோடு இந்தப் பெயர்களையும் கொண்டுபோனார்கள். கோத்தகிரியில், கூடலூரில், தமிழ்நாட்டு அரசாங்கம் அவர்களுக்காகப் போட்ட டான்டீ தோட்டங்களில், இரண்டு முதியவர்கள் சந்தித்தால் சொந்த ஊர் திருச்சியா புதுக்கோட்டையா என்பது பிறகுதான். “சிலோன்ல எந்தத் தோட்டம்?” என்பதே முதற்கேள்வி. ஸ்கொட்லாந்திலிருந்து மலையகம், மலையகத்திலிருந்து நீலகிரி. மகன் எவரும் பிறக்காமல் இத்தனை தூரம் குடிபெயர்ந்த குடும்பப் பெயரை ஒற்றைப் பெயர் ஆய்வாளர் சங்கம் கண்டிருக்குமா தெரியாது.

ஹட்டனிலேயே இப்போது தோட்டத்துப் பெயர் முழுக்கக் குடும்பப் பெயரின் வேலையைத்தான் செய்கிறது. கலியாணப் பேச்சில் முதலில் தோட்டம் கேட்பார்கள், பிறகு பிரிவு கேட்பார்கள். காம்பியனில் எடுத்து பிரவுன்லோவில் கொடுத்தோம் என்றால் சம்பந்தம் புரிந்துவிடும். லயத்து வீட்டுக்கெனத் தனி முகவரி இல்லாததால் கடிதமும் தோட்டத்துப் பெயருக்கே வந்து, ஆபீஸில் கிடந்து, பிறகு ஆளைத் தேடும்.

ஆனால் கொழும்பில் மட்டும் இந்தப் பெயர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கும் எங்கள் பையன்களிடம் ஊர் கேட்டால் ஹட்டன் என்று நிறுத்திக்கொள்வார்கள். தோட்டம் என்று சொன்னால் முதலாளி பார்க்கிற பார்வை மாறும் என்பது அவர்கள் அனுபவம். அரிய பெயரின் இந்தப் பதுங்கலை அளக்க ஒரே வழி, எதிரில் இன்னொரு மலையகத்தான் வந்து நிற்பதுதான். புடவைக் கடையொன்றில் துணி மடித்துக்கொண்டே இருவர் பேசியது இது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் கேட்கிறான்.

“அண்ணே எந்த ஊரு?”

“ஹட்டன்.”

“நானும் ஹட்டன்தான் அண்ணே. ஹட்டன்ல எங்க?”

“டவுன் பக்கம்.”

“டவுன்ல எங்க, டன்பார் கிட்டயா?”

“இல்ல… கொஞ்சம் தள்ளி.”

“எவ்ளோ தள்ளி?”

“பொகவந்தலாவ தாண்டி. காம்பியன்.”

“அப்பச் சரி. நான் பிரவுன்லோ.”