போன் நன்றாகத்தான் பேசியது

திண்டிவனத்தில் தலைமை அலுவலகம், விழுப்புரத்தில் கிளை. நெல், உளுந்து வியாபாரம். இரண்டு இடத்திலும் ஐபி போன் வைத்தால் தங்களுக்குள் பேசக் காசு கிடையாது என்று முதலாளிக்கு ஆசை காட்டியவன் நான்தான். மேசைக்கு ஒரு கேபிள்தான் இருந்தது. அதைப் போனில் செருகி, போனின் பின்னாலுள்ள இன்னொரு போர்ட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

மறுநாளிலிருந்து விழுப்புரத்தில் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் நகரவில்லை. ஒரு வவுச்சரைச் சேமிப்பதற்குள் லாரி டிரைவர் பில்லுக்காக இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

போனைச் சந்தேகிக்க எனக்கு மனசு வரவில்லை. குரல் கணீரென்று கேட்டதே! ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு பக்கம் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட். 100 மெகாபிட் கேபிளில் அது எம்மாத்திரம் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு என்னவோ சரிதான். ஆகவே வைரஸ் என்றேன், விண்டோஸை மறுபடி ஏற்றினேன். இன்டர்நெட் லைன் மோசம் என்று கஸ்டமர் கேரில் சண்டை போட்டேன்; டாலி சர்வரோ அதே அறையில், பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பிங் அடித்தேன். ஒரு மில்லி செகண்டுக்குள் பதில். "நெட்வொர்க் சுத்தம்" என்று தீர்ப்பும் சொன்னேன். 32 பைட்டை நிதானமாக ஒவ்வொன்றாக அனுப்பினால் எந்தக் கேபிளும் பதில் சொல்லும்.

"திண்டிவனத்துல இதே போன்தான், நல்லா ஓடுதேக்கா" என்று கணக்குப் பார்க்கும் அக்கா மேலேயே பழியைப் போட்டேன்.

அக்கா வாதாடவில்லை. ஒருநாள் சாயங்காலம், கணக்கு முடிக்கிற அவசரத்தில், சுவர்க் கேபிளைப் போனிலிருந்து பிடுங்கி நேராகக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டார். "தம்பி, போன் செத்துப்போச்சு. டாலி பறக்குது. எது வேணும்னு நீயே சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு காலத்தில் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் வேகத்தைத் தாமே பேசி முடிப்பதில் தகராறு வரும். அதற்குப் பயந்து விழுப்புரத்து ஸ்விட்ச்சையும் கம்ப்யூட்டர்களையும் 'நூறு, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று என் கையாலேயே பூட்டி வைத்திருந்தேன். போன் 'ஆட்டோ'. பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கு வராது. ஆட்டோ முனை வேகத்தை மட்டும் தெரிந்துகொண்டு, விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ரயிலில் சொன்னால், ஃபுல் டூப்ளெக்ஸ் விழுப்புரம்-சென்னை போல இரட்டைப் பாதை, ஹாஃப் டூப்ளெக்ஸ் விழுப்புரம்-புதுச்சேரி போல ஒற்றைப் பாதை. ஒரே தடத்தை இந்த ஸ்டேஷனில் இரட்டை என்றும் அந்த ஸ்டேஷனில் ஒற்றை என்றும் நம்பி வண்டி விட்டால் என்ன ஆகும்? குட்டிக் குட்டிக் குரல் பாக்கெட்டுகள் சந்தில் தப்பித்தன. டாலியின் டேட்டா மோதி மோதித் திரும்பப் புறப்பட்டது. திண்டிவனத்து ஸ்விட்ச் புதுசு. அதில் கைவைக்க எனக்கு நேரம் கிடைக்காததால் அது பிழைத்தது.

இத்தனைக்கும் ஸ்விட்ச்சில் போர்ட் வாரியாக, சிதைந்து வந்த பாக்கெட்டுகளை எண்ணும் 'சிஆர்சி எரர்' என்று ஒரு கணக்கு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் திறந்தே பார்க்கவில்லை. ஐபி போன் வந்தபின் உங்கள் ஆபீஸ் மந்தமானால், வருகிற டெக்னீஷியனிடம் அந்தக் கணக்கை முதலில் காட்டச் சொல்லுங்கள். பிங் அடித்துக் காட்டினால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.