ஒரு வாட் போதும், ஊரைக் கூட்ட

நாற்பதைத் தாண்டிய பிறகு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிற ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கிட்டார் வீட்டுக்கு வந்த மறுநாளே, அதன் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை, அதாவது ஆம்ப்பைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் சாதாரண ஆம்ப் கூடாதாம், வால்வு ஆம்ப்தான் வேண்டுமாம். டிரான்சிஸ்டர் வந்து வால்வு ரேடியோக்களைப் பரணில் ஏற்றி அரை நூற்றாண்டு ஆகிறது. ரேடியோவும் டிவியும் கைகழுவிவிட்ட அந்தக் கண்ணாடிக் குழாய், கிட்டார் ஆம்ப்பில் மட்டும் இன்னமும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. தாத்தா வீட்டு மர்ஃபி ரேடியோவில் சுவிட்சைப் போட்டுவிட்டுச் செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும். இழை சூடாகி எலெக்ட்ரான்கள் கிளம்பினால்தான் சத்தம் வரும்.

வால்வில் அப்படி என்ன இருக்கிறது? சக்திக்கு மேல் வேலை வாங்கினால், வால்வு ஒலி அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்கிவிடும். அதிலிருந்து பிறக்கும் இனிமையான கரகரப்புதான் ராக், ப்ளூஸ் கிட்டாரின் உயிர். ஆனால் அதற்கு ஆம்ப்பை முக்கால்வாசியாவது முறுக்க வேண்டும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற 85 வாட் ஆம்ப்பை ஃப்ளாட்டில் முறுக்குவது, ஒரு டம்ளர் காப்பிக்குக் கல்யாண மண்டபத்து அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதைதான். ஆம்ப்பின் எடையும் 30 கிலோவை நெருங்கும்.

ஆகவே சின்ன ஆம்ப். இந்தக் குலத்தின் பேர்பெற்ற பிள்ளை ஃபெண்டர் சாம்ப். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1948இல் 'சாம்பியன் 800' என்று ஒன்றை ஆரம்பித்தார். கிட்டார் படிக்கிற பிள்ளைகளுக்கான மலிவு விலைப் பெட்டி அது. ஐம்பதுகளில் அது சாம்ப் ஆனபோது ஏறக்குறைய 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ். பாஸ், ட்ரெபிள் என்று எதுவும் கிடையாது. கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். 1970இல் மயாமியின் கிரைடீரியா ஸ்டுடியோவில் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் 'லைலா' ஆல்பத்துக்கு வாசித்தது இந்த மாதிரி பொடிப் பெட்டிகளில்தான். மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பெட்டியின் உயரம் யாருக்குத் தெரியப்போகிறது?

லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். 1964இல் 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக, தன்னிடமிருந்த எல்பிகோ என்ற குட்டி ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டார். கிழிந்த ஸ்பீக்கரின் உறுமல் உலகப் புகழ் பெற்றது. நம் வீட்டில் இதைச் செய்தால் புகழ் வேறு மாதிரி பரவும்.

இதையெல்லாம் படித்துப் படித்து உருவேறிய ஒரு வங்கி ஊழியர் வேளச்சேரியில் இருக்கிறார். குளியலறை எல்இடி பல்பே 9 வாட், ஆம்ப் வெறும் 5 வாட், இதில் என்ன பெரிய சத்தம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் புது ஆம்ப்பின் பெட்டியைப் பிரித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. குமிழ் 2இல் இருந்தபோது சங்கீதம். 5க்குப் போனதும் சமையலறை அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் கூடவே சுருதி பிடித்தன. சற்று நேரத்தில் அழைப்பு மணி. மேல் வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, மிக்ஸி ரிப்பேரா? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், நம்பர் தரட்டுமா?"

"இல்ல சார், இது ப்ளூஸ்."

"எந்தக் கம்பெனியா இருந்தா என்ன தம்பி, அவன் பார்த்துடுவான்."

வங்கிக்காரரின் கணக்கு எங்கே சறுக்கியது? காதுக்கு வாட் கணக்கு தெரியாது. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சக்தியைப் பத்து மடங்கு கூட்ட வேண்டும். அதாவது 50 வாட் ஆம்ப்பின் சத்தத்தில் 5 வாட் ஆம்ப் பாதியைப் போட்டுவிடும். போதாததற்கு கிட்டார் ஸ்பீக்கர்கள் தொண்டை பெரிதான ஜாதி. பேர்பெற்ற செலஸ்டியன் கிரீன்பேக், ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி 98 டெசிபல் தருகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிப்பது பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45. அது வெளிச் சூழலில் அளக்கிற கணக்கு, படுக்கையறைக்குள் அல்ல. ஆனாலும் தலைமையாசிரியர் மாடிப்படி இறங்கி வந்ததன் நியாயம் புரிகிறதல்லவா!

சத்தத்தைக் குறைத்தால் தீர்ந்தது என்று நினைத்தால், காது அங்கேயும் சதி செய்கிறது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாக எட்டுவதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து சொன்ன விஷயம் இது. இரவில் மெதுவாக வாசித்தால் ஆம்ப் சவசவவென்று கேட்பதற்கு ஆம்ப் மட்டும் காரணமல்ல.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். பிளாக்ஸ்டார் எச்டி-1, மார்ஷல் டிஎஸ்எல்1 இரண்டும் ஒரு வாட் ஆம்ப்கள். மார்ஷலில் ஒரு சுவிட்சைத் தட்டினால் 0.1 வாட்டுக்கு இறங்கும். புகேரா வி5இல் 5, 1, 0.1 என்று மூன்று படிகள். வாக்ஸ் ஏசி4டிவியில் 4, 1, கால் வாட். கால் வாட் என்றால் சிரிப்பு வரும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் அந்தக் கால் வாட்டே அதிகம். ஆகவே ஃப்ளாட்வாசிகள் ஹெட்போன் ஜாக் இல்லாத ஆம்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். வெளி ஸ்பீக்கர் மாட்ட ஒரு ஜாக் இருந்தால் இன்னும் நல்லது. 8 அங்குல ஸ்பீக்கரில் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும் அதே ஆம்ப், 12 அங்குலத்தில் மாட்டினால் ஆளே மாறிவிடும். தனி வீடு, தோட்டம், காது மந்தமான அண்டை வீட்டார் எல்லாம் அமைந்த புண்ணியவான்கள் 5 வாட்டை தாராளமாக வாங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் லீவுக்கு வரும்போது ஆம்ப்பைத் தூக்கி வருகிற வழக்கமும் இருக்கிறது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் வசதி இல்லாத ஆம்ப்பை அப்படியே சொருகினால் புகைதான் மிஞ்சும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். எங்கே வாங்கினாலும், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். உள்ளே 300 வோல்ட் அளவில் மின்சாரம் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

இவ்வளவு வால்வுப் புராணத்துக்கு நடுவில் ஒரு குறும்பான தகவல். குவீன் குழுவின் பிரையன் மே பல பாட்டுகளில் ஒரு முழு வாத்தியக் குழுவையே கிட்டாரில் கொண்டுவந்தது 'டீக்கி ஆம்ப்' என்ற பெட்டியில். குழுவின் பாஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடைத்த சர்க்யூட் போர்டை வைத்துச் செய்தது. ஒரு வாட்கூடத் தேறாது. உள்ளே ஒரு வால்வும் கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர்.

கடைக்குப் போகிறவர்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். "இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க சார்" என்பார் கடைக்காரர். கூட்டாதீர்கள். உங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த அளவில் வாசிக்க முடியுமோ, அதே அளவில் கால் மணி நேரம் வாசியுங்கள். அந்த அளவில் பிடிக்காத ஆம்ப்பை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வாங்க வேண்டாம்.